வோல்ட்டர் வராத ஆனி

தில்லையம்பலம் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் டென்னிஸ் அவருடைய வீட்டுக்குப் பன்னிரண்டு ஆனி மாதங்கள் வந்து தங்கிப் போனது. வராமல் விட்ட பதின்மூன்றாவது ஆனிக்கு முன்பே வீடு இரண்டுபட்டுவிட்டது.

அவர் 1971இல் கணக்காளர் பரீட்சை எழுத லண்டன் வந்தவர். இரண்டாம் பகுதியில் திரும்பத் திரும்ப விழுந்தார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பாதாள ரயிலில் வேலைக்குச் சேர்ந்து, சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் பயணிகளின் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் வாசலில் நின்றுவிட்டார். விம்பிள்டன் என்ற பெயரில் வேறொரு நிலையம் இருந்தாலும் டென்னிஸ் திடலுக்குக் கிட்டியது சவுத்ஃபீல்ட்ஸ்தான். ஆனி பிறந்ததும் கூட்டம் வந்து இறங்கும். வழி கேட்பவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "தொப்பி போட்ட சனம் போகிற பக்கம் போங்கள்."

வேறொரு விஷயத்திலும் அவருக்குப் பெயர் இருந்தது. லண்டனில் எந்த யாழ்ப்பாணக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேச்சில்லை, எதனால் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். எவருடைய வீட்டிலாவது கலியாணம், செத்தவருக்கு அந்தியேட்டி என்றால் அவரிடம் தொலைபேசியில் கேட்பார்கள். இன்னாரையும் இன்னாரையும் ஒரே மேசையில் இருத்தலாமா என்று. அவர் யோசிக்காமல் பதில் சொல்வார். யாராவது ஒருவர் ஒரு வீட்டுக்குப் போவதை நிறுத்தினால் அதற்குக் காரணம் இருக்கும், காரணம் கோபமாகத்தான் இருக்கும், கோபத்துக்குப் பின்னால் ஒரு சொல்லோ ஒரு தட்டமோ இருக்கும். அவருடைய தகப்பனும் பெரியப்பாவும் ஒரு வெற்றிலைத் தட்டம் முதலில் யாரிடம் நீட்டப்பட்டது என்பதில் பிரிந்தவர்கள். சாகும்வரை சேரவில்லை. காரணமில்லாமல் மனிதர் விலகுவார்கள் என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார்.

1981இல் வோல்ட்டரும் டொறத்தியும் வந்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ. வோல்ட்டர் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிப்பவர். ஒரு மாலை, கூட்டம் வடிந்த பிறகும் இருவரும் நிலையத்து வாசலில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பதிவு செய்திருந்த விடுதியில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். தில்லையம்பலம் வேலை முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், அவர்களுடைய பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கோலியர்ஸ் வுட்டில் வீட்டுக் கதவைத் திறந்த பாலாம்பிகை மூன்று பேரையும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இந்தச் சனம்?"

"டென்னிஸ் சனம்."

"எத்தினை நாளைக்கு?"

"விளையாட்டு முடியுமட்டும்."

அவள் மேல்மாடி முன்னறையின் படுக்கை விரிப்பை மாற்றப் போனாள். அப்போது பதினொரு வயதாயிருந்த மகள் பாமா, வெள்ளைக்காரர் வீட்டுக்குள் சப்பாத்தோடு வருவதை வாய் திறந்து பார்த்தாள்.

முதல் வருடம் வோல்ட்டர் அறைக்கு வாடகை கொடுத்தார். இரண்டாம் வருடம் பாலாம்பிகை வாங்க மறுத்தாள். நாலு நேரமும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டவர்களிடம் வாடகை வாங்குவது எப்படி என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர்கள் தலையணை உறை, நிலக்கடலை வெண்ணெய், பாமாவுக்குச் சப்பாத்து என்று கொண்டுவந்தார்கள். வோல்ட்டருக்குத் தில்லையம்பலம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. "டில்லி" என்று கூப்பிட்டார்.

டென்னிஸை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் வோல்ட்டர்தான். பின்னேரங்களில் பாதியில் எழுந்து போகிறவர்கள் விட்டுச் செல்லும் டிக்கெட்டுகளை மலிவாக மறுபடி விற்பார்கள். அப்படி ஒருநாள் உள்ளே கூட்டிப்போனார். நடுவரோடு சண்டை பிடித்த அமெரிக்கன் ஒருவனைக் காட்டி, "இவனைப் பிடிக்காதவர்கள்தான் இங்கே பாதிப் பேர். அவனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்" என்றார் வோல்ட்டர். அது தில்லையம்பலத்துக்கு உடனே விளங்கியது. பிடிக்காதவனின் முகத்தைப் பார்க்க மனிதர் எவ்வளவு தூரமும் போவார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் கிடைக்காது. அன்றைக்கு அவர் லீவு போடுவார். எல்லோரும் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருப்பார்கள். பாலாம்பிகை றோல்ஸும் கட்லட்டும் பொரிப்பாள். டொறத்திக்காக மிளகாய் குறைத்துத் தனியாக ஒரு தட்டு.

1986இல் பாலாம்பிகையின் தம்பி வாசுதேவன் வந்து சேர்ந்தான். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று சுற்றி வந்தவன். இருப்பறைச் சோபாவில் படுத்தான். டூட்டிங்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஆனியில் வோல்ட்டருக்குப் பக்கத்தில் கம்பளத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டு டென்னிஸ் பார்ப்பான். இருவருக்கும் ஒத்துப்போனது. வாசுவின் அரைகுறை ஆங்கிலத்தை வோல்ட்டர் வகுப்பில் ஒரு பிள்ளையின் விடையைக் கேட்பதுபோலக் கேட்பார்.

"அத்தான், இவங்கள் உங்களை டில்லி எண்டு கூப்பிட்டு இந்தியாவின்ர தலைநகரமாக்கிப் போட்டாங்கள். இனி நாங்கள் உங்களிட்ட விசா எடுக்க வேணும்" என்பான் வாசு.

1992 இறுதி ஆட்டம். ஒரு அமெரிக்கனும் ஒரு குரோஷியாக்காரனும். குரோஷியாக்காரன் பந்தை மேலே எறிந்து அடிப்பான். எதிரில் நிற்பவன் நகர்வதற்குள் பந்து பின்னால் கட்டியிருந்த திரைத்துணியில் விழும். அடுத்த பந்து. அதுவும் அப்படியே. தில்லையம்பலத்துக்கு ஒரு கொட்டாவி வந்தது. விருந்தாளிக்கு முன்னால் கொட்டாவி விடக்கூடாதென்று அதை விழுங்கினார்.

கம்பளத்தில் படுத்திருந்த வாசு றோல்ஸை மென்றுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "வோல்ட்டர், இது விளையாட்டு இல்லை. ஒருத்தன் தபால்பெட்டிக்குள் கடிதம் போடுகிறான். மற்றவன் தபால்பெட்டி."

வோல்ட்டர் பெரிதாகச் சிரித்தார். "தபால்பெட்டி" என்று தானும் ஒருமுறை சொன்னார். பிறகு பேசவில்லை. கடைசியில் அமெரிக்கன் வென்று புல்லில் விழுந்து அழுதான். டொறத்தி கை தட்டினாள். வோல்ட்டர் எழுந்து பின் வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நின்றார்.

தன் நாட்டவன் வென்றிருக்கும்போது எழுந்து போகிறான் மனிதன். தில்லையம்பலம் அதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் சித்திரை மாதம் தொலைபேசி வந்தது.

"டில்லி, இந்த வருடம் நாங்கள் வரவில்லை."

"ஏன், சுகமில்லையா?"

"சுகம்தான். டென்னிஸில் இருந்த பிடிப்புப் போய்விட்டது. அவ்வளவுதான்."

"டென்னிஸ் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சும்மா வாருங்கள்."

வோல்ட்டர் மறுமுனையில் சிரித்தார். "பார்ப்போம்" என்றார்.

பார்ப்போம் என்ற சொல்லை எப்போது, யார், எதற்காகச் சொல்வார்கள் என்பது தில்லையம்பலத்துக்குத் தெரியும். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தார்.

"பிடிப்புப் போட்டுதாம். பன்னிரண்டு வருசமாக் கடல் தாண்டி வந்தவனுக்குப் பிடிப்பு சும்மா போகுமே?"

"எனக்கும்தான் இட்டலியில இருந்த பிடிப்புப் போட்டுது. நான் ஆரோடையும் கோவமில்லை" என்றாள் பாலாம்பிகை.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடந்த ஆனியின் ஒவ்வொரு நாளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒருநாள் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஒருநாள் குளியலறையில் வெந்நீர் முடிந்துபோனது. அதெல்லாம் சில்லறை. தபால்பெட்டியில் வந்து நின்றார். பின் வளவில் கொடிக்குப் பக்கத்தில் நின்ற வோல்ட்டரின் முதுகு அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

வாசு வேலையால் வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்தார்.

"டேய், ஆராவது விருந்தாளிக்கு முன்னால அவன்ர விளையாட்டைப் பழிப்பானே?"

"என்னத்தைப் பழிச்சனான்?"

"தபால்பெட்டி."

வாசுவுக்கு நினைவு வரச் சற்று நேரம் பிடித்தது. "அதோ? அத்தான், அவர் விழுந்து விழுந்து சிரிச்சவரெல்லே."

"சிரிச்சவன் எல்லாம் கோவமில்லாதவனே? எங்கட பெரியப்பா சிரிச்சுக்கொண்டுதான் எழும்பிப் போனவர். பிறகு செத்த வீட்டுக்கும் வரேல்லை."

"அது உங்கட பெரியப்பா. இது ஒஹையோக்காரன். அவங்களுக்குக் கோவம் வந்தா வாயால சொல்லுவாங்கள்."

"வாய் காட்டாதை. என்ர வீட்டில இருந்துகொண்டு என்ர ஆக்களைக் கலைக்கிற வேலை வேண்டாம்."

பாலாம்பிகை கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாசு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். அந்தச் சனிக்கிழமை இரண்டு பைகளோடு சவுத்தாலுக்குப் போனான். அங்கே ஒரு சாமான் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கிருந்து போய்வர ஏலாது என்று தமக்கையிடம் சொன்னான். பாலாம்பிகை வாசலில் நின்றாள். தில்லையம்பலம் மேல்மாடியில் முன்னறையின் யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆனியில் முன்னறை விரிப்பு மாற்றப்பட்டுக் காத்திருந்தது. அவர் நிலையத்து வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அமெரிக்கப் பேச்சு முன்னைப்போல இல்லையென்று அவருக்குப் பட்டது. ஒருநாள் அந்தப் பேச்சோடு ஒரு குடும்பம் இறங்கியது. அவர் முந்திக்கொண்டு, "டென்னிஸுக்கு இந்தப் பக்கம்" என்றார்.

"டென்னிஸா? இல்லை. இங்கே ஒரு மாமி இருக்கிறார்" என்றார் தகப்பன். பின்னால் வந்த பிள்ளைகள் இருவரும் கூடைப்பந்துக்காரரின் இலக்கம் போட்ட கையில்லாச் சட்டை அணிந்திருந்தார்கள்.

தில்லையம்பலம் அதைக் காரணங்களோடு சேர்க்கவில்லை.

1994இல் பாமாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை ஹரோவில் எஞ்சினியர். ஆடிக்கு முன்னம் முடித்துவிட வேண்டுமென்று ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் வைத்தார்கள். டென்னிஸ் இரண்டு வாரங்களுக்கும் நடுவில் விழுந்தது அந்த ஞாயிறு. யார் யாரைச் சொல்வது, யாரை யாரிடமிருந்து தள்ளி இருத்துவது என்று தில்லையம்பலம் இந்த முறை தனக்காகவே யோசித்தார்.

பாலாம்பிகை ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளையின்ர தலையில பால் அறுகு வைக்க முன்னம் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேணும். ஆர் உடைக்கிறது?"

"வாசுவுக்குக் கார்ட் அனுப்பினனான்."

"தபாலிலயோ?"

பாலாம்பிகை கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். தபாலில் கார்ட் போவது கந்தோரில் கூட வேலை செய்கிற சனத்துக்கு. சொந்தச் சகோதரத்தை நேரில் போய், இரண்டு பேருமாய்ப் போய்ச் சொல்ல வேண்டும். இதை அவளுக்கு அவர் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அவருக்கு அவளும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

"நீ போய்க் கூப்பிடன். நீ கூப்பிட்டா வருவான்" என்றார்.

"வருவான். ஆனா நான் கூப்பிடமாட்டன். கலைச்சது நானில்லை."

"அவன் உடைக்காட்டி வேற ஆரும் உடைக்கலாம். உன்ர ஒண்டுவிட்ட அண்ணன் தம்பி ஆராவது."

"என்ர தம்பி சவுத்தாலில உயிரோட இருக்கேக்க இன்னொருத்தன் என்ர பிள்ளைக்குத் தேங்காய் உடைக்கிறதெண்டா, நான் அந்த நேரம் குசினிக்குள்ளதான் நிப்பன். வெளியால வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

அவள் சொன்னால் செய்கிறவள். தாய் வெளியே வராத கலியாணத்தை அடுத்த முப்பது வருடத்துக்கு லண்டன் பேசும். அவரைத் தொலைபேசியில் கேட்டவர்கள் எல்லோரும் இனி அவரைப்பற்றிப் பேசுவார்கள். இருந்தும் அவரால் சவுத்தாலுக்குப் போக முடியவில்லை. போனால் பிழை தன்னுடையது என்றாகும். பிழை தன்னுடையது என்று அவர் நினைக்கவில்லை.

ஒஹையோவுக்கும் ஒரு கார்ட் போயிருந்தது. வோல்ட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். டொறத்திக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, அவள் வரமுடியாது, தான் கட்டாயம் வருகிறேன் என்றார்.

"பாத்தியே, மன்னிச்சிட்டான்" என்றார் தில்லையம்பலம் மனைவியிடம். கோபக்காரன் கலியாணத்துக்கு வந்தால் கோபம் தீர்ந்தது என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை வோல்ட்டர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்ததும் பத்திரிகை கேட்டார். டென்னிஸ் படம் போட்ட பெரிய பக்கங்களைத் தாண்டிப்போய், மூலையில் கூடைப்பந்து இறுதித் தொடர் பற்றியிருந்த நாலு வரியை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார்.

மறுநாள் விடிய முன்னமே தில்லையம்பலம் எழும்பி முட்டைச் சான்ட்விச் செய்தார். பழைய சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றினார். வேலையை இன்னொருவரோடு மாற்றியிருந்தார். வோல்ட்டர் செருப்போடு இறங்கி வந்தார்.

"எங்கே போகிறோம்?"

"கியூவுக்கு. நேரத்தோடு போனால் நல்ல இடம் கிடைக்கும்."

வோல்ட்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "டில்லி, நான் டென்னிஸை விட்டுவிட்டேன் என்று சொன்னேனே."

"சொன்னீர்கள்."

"நீ நம்பவில்லை."

தில்லையம்பலம் போத்தலின் மூடியை இறுக்கினார். பாலாம்பிகை அடுப்பில் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கலியாணக் கிழமையில் அந்த அடுப்பு எந்த நேரமும் எரிந்தது.

"என்ன நடந்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

"ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் சொல்லத் தெரியவில்லை." வோல்ட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்கள் ஊர்ப் பூங்காவில் எட்டுத் திடல் இருந்தது. எழுபதுகளில் விடியற்காலையில் போய்ப் பெயர் எழுதினால்தான் இடம். பல் வைத்தியர், சலூன்காரர், பாதிரியார், எல்லோரிடமும் மட்டை இருந்தது. யாருக்கும் சரியாக விளையாட வராது. அதுதான் சந்தோஷம். இப்போது நாலு திடல் வாசிகசாலையின் கார் நிறுத்துமிடம். மற்ற நாலிலும் பையன்கள் இரண்டு முனையிலும் கூடைப்பந்து வளையம் பூட்டிவிட்டார்கள். மட்டைகளெல்லாம் கராஜ்களில் தொங்குகின்றன. பள்ளிக்கூட அணிக்கு ஆள் சேர்க்க நான் வகுப்பு வகுப்பாகப் போனேன். ஒருத்தி வந்தாள். அவளும் நீச்சலுக்குப் போய்விட்டாள்."

"அது பிள்ளைகள். நீங்கள்?"

"நானா?" வோல்ட்டர் யோசித்தார். "அந்தச் சண்டைக்காரர்கள் போய்விட்டார்கள். இப்போது வருகிற பையன்கள் நல்லவர்கள். வெல்கிறார்கள், கை கொடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றி டொறத்தியோடு சண்டை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. மட்டையும் மாறிவிட்டது, பந்து கண்ணில் படுவதில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்கிற காரணம். உண்மை என்னவென்றால், போன வருட இறுதி ஆட்டம். எங்களுக்கு அது ஞாயிறு காலையில் வரும். இரண்டு பேருமே அமெரிக்கர்கள். நான் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பாதி வெட்டிய பிறகுதான், அட, இன்று இறுதி ஆட்டம் அல்லவா என்று நினைவு வந்தது. இயந்திரத்தை நிறுத்தலாமா என்று யோசித்தேன். மிச்சப் பாதியையும் வெட்டினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தில்லையம்பலம் அவருடைய முகத்தில் எதையோ தேடினார். கோபம் ஒளித்துவைத்த முகங்கள் அவருக்குப் பழக்கம். இதில் ஒன்றும் இல்லை. தூக்கம் கலையாத ஒரு கிழ முகம்.

"அப்படியானால் எங்களோடு கோபம் இல்லையா?"

"உங்களோடா? எதற்கு?"

"வாசு சொன்னது. தபால்பெட்டி."

வோல்ட்டர் மேசையில் தட்டிச் சிரித்தார். "அதை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்! நானே எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் வாயில் றோல்ஸோடு படுத்திருந்து சொல்லிவிட்டான். அன்றைக்கு வெளியே போய் நின்று, பன்னிரண்டு வருடமாக எதைப் பார்க்க வந்தோம் என்று யோசித்தேன். உங்களைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று பட்டது. ஆனால் பள்ளிக்கூடச் சம்பளத்தில், டென்னிஸ் என்ற சாட்டு இல்லாமல் இவ்வளவு தூரம் வர டொறத்தியைச் சம்மதிக்க வைக்க வழி இல்லை. எங்கே அவன்? நேற்றிலிருந்து காணவில்லையே."

பாலாம்பிகை பாகைக் கிண்டிக்கொண்டு, திரும்பாமல், தமிழில் சொன்னாள்:

"சொல்லுங்கோவன், வாசு எங்கயெண்டு."

வியாழக்கிழமை வேலை முடிந்து தில்லையம்பலம் சவுத்தாலுக்குப் போனார். கூட வரச்சொல்லிப் பாலாம்பிகையைக் கேட்டார். "முதல் நீங்கள் போய்ட்டு வாங்கோ" என்றாள்.

கடையின் பின்புறத்தில் வாசு வெங்காயச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"வாங்கோ அத்தான். அக்கா சுகமோ?"

"சுகம். நீ?"

"இருக்கிறன்."

தில்லையம்பலம் ஒரு சாக்கில் உட்கார்ந்தார். ரயிலில் ஒரு மணித்தியாலமாகத் தயார்செய்து கொண்டுவந்த வசனத்தைச் சொன்னார். "வோல்ட்டர் வந்து நிக்கிறான். அவனுக்குக் கோவமில்லையாம். நீ சொன்னது சரிதானாம். தபால்பெட்டி."

"ஓம்?"

"ஓம். நான்தான் பிழையா விளங்கிப்போட்டன். அதை மனசில வைச்சிருக்காதை."

வாசு ஒரு வெங்காயத்தை எடுத்து அதன் சருகை உரித்தான்.

"அத்தான், நான் தபால்பெட்டிக்கோ வெளிக்கிட்டனான் எண்டு நினைக்கிறியள்? நீங்கள் தபால்பெட்டிக்காக இன்னும் நாலு நாள் பேசியிருந்தாலும் நான் சோபாவிலதான் படுத்திருப்பன்."

"அப்ப?"

"என்ர வீட்டில இருந்துகொண்டு எண்டு சொன்னியள்."

தில்லையம்பலத்துக்கு அந்த வசனம் நினைவிருந்தது. ஆனால் அது அந்தச் சண்டையில் ஒரு முக்கியமான வசனமென்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் தபால்பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசம் நானும் அது எங்கட வீடெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். நானொரு விசரன்" என்றான் வாசு. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்தச் சிரிப்பைத் தில்லையம்பலம் அடையாளம் கண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை தேங்காய் உடைக்க வாறன்" என்றான் வாசு. "பாமா சின்னனில நான் தூக்காட்டியும் என்ர பிள்ளைதானே. தாலி கட்டேக்கயும் நிப்பன். சாப்பிட மாட்டன். அதைக் கேக்காதேங்கோ."

அவர் தலையாட்டினார். இந்த மொழி அவருக்குத் தெரியும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கை நனைக்காமல் போகிறவனுக்கு, அந்த வீட்டோடு இருந்த கணக்கு தீரவில்லை. அவருடைய பெரியப்பாகூட அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை.

ஞாயிறு காலை வாசு சொன்னபடி வந்தான். கோலியர்ஸ் வுட் வீட்டின் பின் வளவில் சீமெந்துப் படியில் தேங்காயை ஒரே அடியில் உடைத்தான். இரண்டு பாதியும் நிமிர்ந்து விழுந்தன. பாலாம்பிகை குசினியிலிருந்து வெளியே வந்து, மகளின் தலையில் பாலும் அறுகும் வைத்தாள். தம்பியைப் பார்க்காமலே அவனுடைய தோளில் விழுந்திருந்த தும்பைத் தட்டிவிட்டாள்.

டூட்டிங்குக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டும்போது வாசு மணவறைக்குப் பக்கத்தில் நின்றான். வோல்ட்டர் அவனைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, "தபால்பெட்டி!" என்று கத்தினார். தூவ எடுத்த அறுகரிசி கையோடு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

பந்தி தொடங்கியது. வோல்ட்டர் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்துக் கதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தில்லையம்பலத்தைக் கூப்பிட்டார்.

"டில்லி, வாசு கோட்டைப் போடுகிறானே. சாப்பிடவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் லண்டனில் குறைவு. இன்னார் இன்னாருடைய வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை. இத்தனை வருடமும் அவர் சொன்ன பதில்களில் ஒன்றிலும் அவர் இருந்ததில்லை.

"என்னால்" என்றார்.

வோல்ட்டர் அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கையை எடுக்காமல், மற்றக் கையால் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

தில்லையம்பலம் பட்டு வேட்டியோடு மண்டபத்தை விட்டு வெளியே வந்தார். பெண்ணின் தகப்பன் பந்தி நேரத்தில் வெளியே போவதைக் கண்டு, யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். வாசு தெருவின் எதிர்ப் பக்கத்தில் பஸ் தரிப்பில் நின்றான். கை காட்டினால்தான் பஸ் நிற்கும் தரிப்பு. தில்லையம்பலம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"உள்ள போங்கோ அத்தான். சனம் தேடும்."

"தேடட்டும்."

"சம்பந்தி ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும்."

வெயில் எரித்தது. எங்கோ ஒரு வீட்டின் பின் வளவில் யாரோ பந்தடிக்கும் சத்தம் போலவும், இல்லாதது போலவும் கேட்டது.

"அது என்ர வீடெண்டு சொன்னது பிழை" என்றார் தில்லையம்பலம். "சொன்னதும் பிழை. நினைச்சதும் பிழை. ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை, நானாத்தான் சொல்லுறன்."

தூரத்தில் சிவப்பு பஸ் திரும்பியது. கிட்ட வந்தது. சாரதி இருவரையும் பார்த்து வேகத்தைக் குறைத்தான். பட்டு வேட்டியோடு ஒருவர், கோட்டோடு ஒருவர். வாசுவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. சாரதி தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

பஸ் போன பிறகும் வாசு அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன கறி வைச்சிருக்கினம்?" என்று கேட்டான்.

தில்லையம்பலம் யோசித்தார். யார் எந்த மேசை என்பது தவிர இந்தக் கலியாணத்தில் அவர் வேறொன்றையும் கவனித்திருக்கவில்லை.

"தெரியாதடா" என்றார். "வா, பாப்பம்."